தண்ணீரில் போனவரை யார் தூக்குவது

நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில், உங்கள் சமூகப்பணிப் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் பழக்கவழக்கத்தை மதிப்பது எப்படி என்று நான் ஏதோ சூத்திரம் சொல்லப்போகிறேன் என்பது போலப் பார்த்தீர்கள். இரண்டு வார்த்தை ஒப்புக்குச் சொல்லி, சமோசாவைத் தின்றுவிட்டு மகன் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் என் கை தானாக ரிப்போர்ட் எழுத ஆரம்பித்துவிடுகிறது, அதனால் தமிழில்.

நான் ஈரோட்டுக்காரி. கணவர் கம்ப்யூட்டர் வேலைக்காக ஹூஸ்டன் வந்தார், நான் அவர் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தேன். கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, வந்ததும் சமூகப்பணி படித்தேன். நம் ஊர்ப் பெண்கள், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பாட்லக் விருந்தில் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, “யாராவது அமெரிக்கா வந்து சோஷியல் வொர்க் படிப்பாங்களா? ஒரு ஆறு மாசம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் பண்ணுங்க, ஈஸியா ஜாப் கிடைக்கும்” என்றார்கள். எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் சங்கம் அமைக்கவும், கூடுவதற்கு இடம் பிடிக்கவும், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவும் உதவுகிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் என் மேஜைக்கு வந்த சங்கம் இஜா மக்களுடையது.

இஜா மக்கள் நைஜீரியாவின் தென்கோடியில், நைஜர் ஆறு நூறு கிளையாகப் பிரிந்து கடலில் விழுகிற சதுப்பு நிலத்தில் வாழ்கிறவர்கள். தெரு என்றாலே அவர்களுக்குத் தண்ணீர்தான். பக்கத்து வீட்டுக்கு ஓடத்தில் போவார்கள். அந்தத் தண்ணீருக்குள் இன்னொரு ஊர் இருக்கிறது, அதற்கும் ஆட்கள் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. விழாவில் மீன், நீர்யானை மாதிரிச் செய்த முகமூடிகளைத் தலையில் கட்டி ஆடுவார்கள். முகமூடியின் முகம் நம்மைப் பார்க்காது, வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். தண்ணீரில் மிதக்கிறவர்களுடைய முகம் அப்படித்தானே இருக்கும் என்று ஒருவர் எனக்கு விளக்கினார். பிறகு எண்ணெய்க் கம்பெனிகள் வந்து வாய்க்கால் வெட்ட, மீன் போயிற்று, கரை போயிற்று, பிழைப்புத் தேடி ஒரு கூட்டம் ஹூஸ்டன் வந்து சேர்ந்தது. அதே எண்ணெய்க் கம்பெனிகளின் கட்டிடங்களில் தரை துடைக்கிறவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

தென்மேற்கு ஹூஸ்டனில், ஒரு லாண்ட்ரிக்கும் டோனட் கடைக்கும் நடுவே, அவர்களுக்கு ஒரு ஹால் பிடித்துக் கொடுத்தோம். மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு, சனிக்கிழமை பெண்கள் நடனப் பயிற்சி, மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ். முதல் கூட்டத்திலேயே சிக்கல். அவர்கள் எதைத் தொடங்கினாலும் முன்னோருக்குக் கொஞ்சம் ஜின்னைத் தரையில் ஊற்றித்தான் தொடங்குவார்கள். எங்கள் ஹாலில் மது கூடாது. எங்கள் நிறுவனத்தின் டைரக்டர் கண்டிப்பான அமெரிக்கப் பெண்மணி. நான் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சங்கத்தின் சேர்மன் ஒன்றும் வாதாடவில்லை. எல்லோரையும் பார்க்கிங் லாட்டுக்கு அழைத்துப்போனார், அங்கே ஊற்றினார், மறுபடி உள்ளே வந்து கூட்டத்தைத் தொடங்கினார். அதற்குப்பின் எல்லாக் கூட்டமும் லாட்டில் தொடங்கியது. நம்மவர்களாக இருந்தால் இதற்கே இரண்டு சங்கமாகப் பிரிந்திருப்பார்கள்.

அந்தச் சங்கத்தில் டிமி என்று ஒருவர். கல்யாணமான இளைஞர், மத்தளம் வாசிப்பார், ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை. மனைவி எபியேரே முதியோர் இல்லத்தில் உதவியாளர். பிள்ளை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிமி பக்கத்துக் கடற்கரை ஊரான கால்வெஸ்டனில், கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் பாறைவரிசையில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஓர் அலை ஆளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவர். உடல் செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

கேஸ் என்னிடம் வந்தது. நான் ரசம் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு எபியேரேயின் அபார்ட்மென்ட்டுக்கு ஓடினேன். நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்று வளர்ந்தவள் நான். வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது என்று நினைத்துப் போனால் அங்கே ஒரு ஜோடிகூட இல்லை. எபியேரே சோபாவின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். போன் அடிக்கவில்லை. சங்கத்தில் இத்தனை குடும்பம், ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

“ஆன்ட்டி, இவங்க யாரும் வரமாட்டாங்க. எனக்குத் தெரியும்” என்றாள். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலம்தான், என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன். “டிமியை நான் ஹாலுக்குக் கொண்டு போகணும். நாலு சுவருக்குள்ள, கூரைக்குக் கீழ ஒருநாளாவது வைக்கணும். நீங்க ஏற்பாடு பண்ணுங்க.”

டைரக்டரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. அன்றே சனிக்கிழமைக்கு ஹாலில் அஞ்சலி என்று அறிவித்தார். பூ ஆர்டர் பண்ணினார், நன்கொடை தருகிறவர்களையும் நகர சபையிலிருந்து ஒருவரையும் அழைத்தார். பெட்டியைச் சங்கத்து ஆண்கள் தூக்குவார்கள் என்று அவராகவே முடிவு பண்ணி, சவ அடக்கம் செய்கிற கம்பெனிக்கும் சொல்லிவிட்டார். டைரக்டர் நல்லவர், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. கெட்டவர் பண்ணுகிற தப்பை நாலு பேர் தடுப்பார்கள். நல்லவர் பண்ணும்போது எல்லோரும் பூ வாங்கப் போய்விடுகிறோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சேர்மன் ஹாலுக்கு வந்தார். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், நெட்டையான மனிதர், வேலை இல்லாத நாளில் வட்டத் தொப்பியும் கைத்தடியும் இல்லாமல் வெளியே வரமாட்டார். உள்ளே வராமல் லாட்டிலேயே நின்றார். நான் போன வேகத்துக்கு அவர் வேறு யாராவதாக இருந்தால் திரும்பிப் போயிருப்பார்.

“அந்தப் பொண்ணைத் தனியா விட்டுட்டீங்களே சேர்மன். இதுக்கா சங்கம் வச்சீங்க?”

“விடல. காத்துக்கிட்டு இருக்கோம்.”

“எதுக்கு?”

“அவனைப் புதைக்கறதுக்கு” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர்கள் பக்கத்து ஊர்களில் தண்ணீரில் செத்தவரை ஊருக்குள் கொண்டுவர மாட்டார்கள். எந்தக் கரையில் ஒதுங்கினாரோ அங்கேயே புதைப்பார்கள். அதற்கென்று இருக்கிற ஓரிருவர் மட்டும் தொடுவார்கள், மற்றவர் யாரும் தொடக் கூடாது. மண் மூடும்வரை யாரும் அழக் கூடாது, வீட்டுக்குப் போகவும் கூடாது. மூடியபின் பெண்கள் போய் மனைவியைக் குளிப்பாட்டுவார்கள், அப்புறம்தான் அழுகை, சாப்பாடு, எல்லாம். “தண்ணி எடுத்தவனை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தா, தண்ணிக்கு வழி காட்டின மாதிரி. அந்த ஹால்ல நாளைக்குப் பிள்ளைங்க உட்கார்ந்து படிக்கணும். பெட்டி உள்ள போச்சுன்னா அப்புறம் எங்க ஆளுங்க யாரும் அந்த வாசல் மிதிக்க மாட்டாங்க. மிரட்டலா சொல்லல. நானே மிதிக்க மாட்டேன்.”

“இங்க எப்படி சேர்மன் கரையில புதைக்கறது? சட்டம் விடுமா?”

“விடாதுன்னு தெரியும். அதான் உங்ககிட்ட வந்தேன்” என்றார். பயந்துபோயிருந்தார்.

நான் டைரக்டரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பொது ஹாலில் ஒரு விதவை தன் கணவருக்கு அஞ்சலி செலுத்துவதை யாருடைய பயமும் தடுக்க முடியாது” என்றார். சட்டப்படி அது சரி. நியாயப்படியும் சரிதான் என்று அன்று எனக்குப் பட்டது.

எபியேரேயிடம் போனேன். வழக்கம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மறுத்தாள்.

“எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஓடம் கவிழ்ந்து செத்தான். கரையில புதைச்சாங்க, இவங்க சொல்ற அதே முறையில. அப்புறம் கம்பெனிக்காரங்க வாய்க்காலை அகலமா வெட்டினாங்க, பெரிய பெரிய படகு போச்சு. ஒவ்வொரு மழைக்கும் கரை கொஞ்சம் கொஞ்சமா விழுந்தது. ஒரு வருஷம் போய்ப் பார்த்தா அந்த இடமே இல்ல. தண்ணி மறுபடியும் அவனை எடுத்துக்கிச்சு. எங்கம்மாவுக்கு எங்க நின்னு அழறதுன்னு இடம் இல்ல. ஆன்ட்டி, டிமியை நான் தண்ணிகிட்ட கொடுக்க மாட்டேன். தண்ணி எட்டாத மேட்டுல ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன்.”

அவள் அழாமல் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. பிள்ளைகளே, நம் தொழிலில் ஒரு பக்கம் மூடநம்பிக்கை, மறு பக்கம் மனிதாபிமானம் என்று வந்துவிட்டால் வேலை சுலபம். அன்று எனக்கு எதிரே இருந்தது இரண்டு பயங்கள், இரண்டுக்கும் காரணம் இருந்தது. ஹாலுக்குள் பெட்டி போனால் அவள் ஜென்மத்துக்கும் சங்கத்துக்கு வெளியே, உறவென்று சொல்ல அமெரிக்காவில் அவளுக்கு வேறு நாதி இல்லை. போகாவிட்டால் அவள் கணவரை யாரும் மதிக்காத பிணமாக அனுப்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன்.

“ஏம்புள்ள, அவங்க சடங்குக்குள்ள நீ எதுக்குப் போற? ஊரோட ஒத்து வாழோணும்னு சும்மாவா சொன்னாங்க?”

“எந்த ஊரோடங்க? அவளுக்கு ஒரு ஊரு, சேர்மனுக்கு ஒரு ஊரு, டைரக்டரம்மாளுக்கு ஒரு ஊரு.”

“அப்ப பேசாம லீவு போட்ரு” என்றார். பொறியாளர்கள் இப்படித்தான் பிரச்சினையைத் தீர்ப்பார்கள்.

சனிக்கிழமை சவ வண்டி முன்னால் போக, எபியேரேயை என் காரில் உட்கார வைத்துக்கொண்டு பின்னால் போனேன். டோனட் கடை தெரிந்ததும் நான் பார்த்தேன். லாட் நிறைய ஆட்கள். பெண்கள் எல்லோரும் கறுப்புத் துணியை இரண்டு சுற்றாக இடுப்பில் கட்டி, ஆண்கள் தொப்பியோடு, சங்கமே திரண்டு நின்றது. ஒருவரும் உள்ளே போகவில்லை. ஹாலின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டைரக்டரும் விருந்தினர்களும் பூக்களும்.

“வந்திருக்காங்க” என்றாள் எபியேரே. அதுதான் அவள் எதிர்பார்க்காதது.

சவ வண்டி திரும்புவதற்கு விளக்கைச் சிமிட்டியது. உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது. நான் ஹாரனை அழுத்தினேன், விடாமல் அழுத்தினேன். வண்டி லாட்டின் வாசலிலேயே நின்றது. டைரக்டர் கதவைத் திறந்து வெளியே பார்ப்பது தெரிந்தது. அவர் சொன்ன ஏற்பாட்டை நடுத்தெருவில் நான் நிறுத்திவிட்டேன் என்பதும், இதற்கு வேலை போகலாம் என்பதும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. எபியேரேயும் சேர்மனும் இதுவரை ஒருவரோடொருவர் பேசவே இல்லை, என் மூலமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த ஒரு நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் இறங்கிப் போய்ச் சேர்மனைக் கையைப் பிடிக்காத குறையாகக் காருக்கு அழைத்து வந்தேன். எபியேரே கண்ணாடியை இறக்கினாள்.

“என் தம்பியை எங்க புதைச்சீங்க? நீங்களும் அந்தப் பக்கத்துக்காரர்தானே. எனக்கு இடத்தைக் காட்டுங்க” என்றாள்.

சேர்மன் ஜன்னல் உயரத்துக்குக் குனிந்தார். அப்புறம், “அந்தக் கரை இப்ப இல்லம்மா” என்றார்.

“அப்ப இவரைக் கரையில புதைக்கணும்னு எப்படிக் கேக்கறீங்க?”

அவர் திரும்பி லாட்டில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்களிடம் கேட்காமல் தனியாக முடிவெடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அன்று எடுத்தார்.

“கரைக்கு வேண்டாம். மேட்டுக்கே கொண்டு போ. ஹாலுக்குள்ள மட்டும் வேண்டாம். நாங்க பின்னாலயே வந்து இடுகாட்டு வேலிக்கு வெளிய நிப்போம். உள்ள வரமாட்டோம், தொட மாட்டோம். மண்ணு மூடினதும் நீ வெளிய வா. அங்கேருந்து நீ எங்க பொறுப்பு.”

அவள் தலையை ஆட்டினாள். சம்மதம் என்று சொல்ல முடியாது. களைத்துப்போனவர்கள் ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள். கூரைக்குக் கீழே ஒருநாள் என்று அவள் கேட்டது நடக்கவில்லை, அதை விட்டுக்கொடுத்தவள் அவள்தான்.

அடுத்த சிக்கலைச் சவ வண்டி டிரைவர் சொன்னார். பெட்டிக்கு ஆறு கைப்பிடி. அவரோடு வந்திருந்த கிழவர் முதுகு வலிக்காரர், தூக்க முடியாது. சங்கத்து ஆண்கள் தூக்குவார்கள் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தது. அவர்களோ தொடக் கூடாது. ஹாலுக்குள் இருந்த விருந்தினர்களை நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் டைரக்டர் முதலில் பெட்டியை உள்ளே வைக்கச் சொல்லியிருப்பார். எதிரே பெட்ரோல் பங்கில் இருந்த பே போனுக்கு ஓடி, என் கணவருக்கு ஆபீஸில் கொடுத்திருந்த செல்போனுக்கு அடித்தேன். சனிக்கிழமை காலை அவர் ஷுகர் லேண்ட் பார்க்கில் நம் பையன்களோடு டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுவார்.

“ஏனுங்க, ஒரு நாலு பேரைக் கூட்டிக்கிட்டு உடனே இடுகாட்டுக்கு வாங்க. ஒருத்தரைத் தூக்கோணும்.”

“அட்ரஸ் சொல்லு” என்றார். லீவு போடச் சொன்ன மனுஷர்தான்.

நகரத்துக்கு வடமேற்கே ஒரு இடுகாடு. மேடு என்று பேர், ஹூஸ்டனில் மேடு என்பது சாலையிலிருந்து முழங்கால் உயரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் கணவர் நாலு பையன்களோடு வாசலில் நின்றார். டீஷர்ட்டும் ஸ்னீக்கர்ஸும், ஒருவர் பேன்ட்டில் புல் கறை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கிட்டே வந்ததும் அவர்களில் சிவகுமார் மட்டும் பின்வாங்கினான்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. வீட்ல அவ மாசமா இருக்கா. இந்த டைம்ல நான் பாடியைத் தூக்கக் கூடாது. அம்மா போன்ல சத்தியம் வாங்கிருக்காங்க. வேற எது சொன்னாலும் பண்றேன்கா. கார் வேணா டிரைவ் பண்றேன்.”

கெஞ்சுகிற மாதிரி நின்றான். எம்.எஸ். படித்தவன். வேலிக்கு வெளியே நின்ற ஐம்பது பேருக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? வெள்ளிக்கிழமை சேர்மனிடம் பாய்ந்தவள் இவனிடம் பாயவில்லை. ஏனென்றால் இவன் பயம் எனக்குப் புரிகிற பாஷையில் இருந்தது. நீங்கள் நோட்டில் ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

டிரைவரையும் என் கணவரையும் சேர்த்து ஐந்து பேர். ஆறாவது கைப்பிடி சும்மா இருந்தது.

“நான் பிடிக்கறேன்” என்றேன்.

“நீயா?” என்றார் என் கணவர். எங்கள் சாதியில், எங்கள் ஊரில், பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். என் அப்பா செத்தபோது நான் ஹூஸ்டனில் இருந்தேன், டிக்கெட் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் தெருமுனைவரைதான். அப்பாவைத் தூக்காத தோள் இது.

“வேற யாரு இருக்காங்க?” என்றேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

பெட்டி நான் நினைத்ததைவிடக் கனம். கைப்பிடி விரலை வெட்டுவது மாதிரி வலித்தது. எபியேரே முன்னால் நடந்தாள். வேலிக்கு வெளியே சாலையோரம் சங்கத்து ஆட்கள் நின்றார்கள், சேர்மன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்திருந்தார். அத்தனை பேர் இருந்தும் ஒரு செருமல்கூட இல்லை. அப்படி ஓர் அமைதியை நான் வேறு எந்தச் சாவிலும் கேட்டதில்லை. மறுபடி கேட்க ஆசையும் இல்லை.

மண் விழுந்துகொண்டிருக்கும்போது எபியேரே என் பக்கம் திரும்பி, “இங்க தண்ணி வராதில்ல ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு ஆறுதல், எனக்கும் ஆறுதல். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஹூஸ்டனில் எங்கே தண்ணீர் வராது என்று யாருக்குத் தெரியும்? “எனக்குத் தெரியாதும்மா. வந்தா, நான் நேர்ல போய்ப் பார்த்து உனக்குச் சொல்றேன்” என்றேன். அவள் முகம் மாறவில்லை. என் கணவர் காரில் வரும்போது, “வராதுன்னு சொல்லியிருக்கலாமே புள்ள” என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

மண் மூடியதும் அவள் வாசலைத் தாண்டிப் போனாள். வெளியே பெண்கள் ஒரே குரலாக அழுதார்கள், அவளை நடுவில் வாங்கிக்கொண்டார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினார்கள். அவள் மட்டும் அன்று அழவில்லை. எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். டிமியின் அம்மா ஊரிலிருந்து போன் பண்ணி, என் மகனை யாரோ ஊர்பேர் தெரியாதவர்கள் தூக்கினார்களாமே என்று அவளைச் சபித்தார். கரையில் புதைக்காததற்காக இரண்டு குடும்பங்கள் அவளோடு பேசுவதை நிறுத்தின. அவள் கொஞ்ச காலத்தில் வேலை மாற்றிக்கொண்டு கலிபோர்னியாவில் ஓக்லாண்டுக்குப் போய்விட்டாள். டைரக்டர் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். “என்னைக் காலி ஹாலில் பூவோடு நிற்க வைத்துவிட்டாய். அந்தப் பெண்ணுக்குச் சட்டம் கொடுத்த உரிமையை நீ பயத்துக்குக் கொடுத்துவிட்டாய்” என்றார். அன்று செய்தது நியாயமா என்று கேட்டால் தெரியாது. அந்தப் பத்து நிமிஷத்தில் இருந்த ஆட்களை வைத்துச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

2001 கோடையில் ஹூஸ்டனில் மழை கொட்டியது. ஃப்ரீவேக்களில் லாரிகள் மிதந்தன, ஆஸ்பத்திரிகளின் அடித்தளம் மூழ்கியது. டிவியில் பார்த்துவிட்டு எபியேரே போன் பண்ணினாள். வருஷக்கணக்காகப் பேசாதவள், நலம் விசாரிக்கவில்லை. “ஆன்ட்டி, போய்ப் பார்த்தீங்களா?” என்றாள்.

எங்கள் வீட்டு கராஜிலேயே தண்ணீர். தெரு கொஞ்சம் வடிந்ததும் நானும் கணவரும் சுற்றிச் சுற்றி வழி பிடித்துப் போனோம். இடுகாட்டில் முழங்கால் அளவு தண்ணீர், காப்பிக் கலரில் தேங்கிக் கிடந்தது. தாழ்வான பக்கம் பழைய குழிகள் சில திறந்துகொண்டு, பெட்டிகள் மேலே வந்திருந்தன. மாவட்ட நிர்வாகத்து ஆட்கள் அவற்றுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். புடவையாக இருந்திருந்தால் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருப்பேன். டிமியின் வரிசையைத் தேடிக்கொண்டு தண்ணீரில் நடந்தேன்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, கைத்தடியைச் சேற்றில் ஊன்றி, சேர்மன். வேலிக்கு உள்ளே.

“நீங்க உள்ள வந்துட்டீங்களே சேர்மன்” என்றேன்.

“தண்ணியே உள்ள வந்துடுச்சு. நான் வெளிய நின்னு என்ன பண்ண?” என்றார். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கல்லிலிருந்து நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினேன். தலைமாட்டுக் கல் நிமிர்ந்து இருந்தது. புல் வேர் பிடித்திருந்தது, மண் இறுகி இருந்தது. கணவரிடமிருந்து செல்போனை வாங்கி ஓக்லாண்டுக்கு அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

“இருக்காரா?” என்றாள்.

“இருக்கார்மா. தண்ணி வந்திருக்கு, முழங்கால் அளவு. ஆனா மண்ணு அசையல. நான் கையால தொட்டுப் பார்த்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “சேர்மன் பக்கத்துல நிக்கறார்” என்றேன்.

எதிர்முனையில் ஒரு சத்தம் வந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவள் அழுது நான் கேட்டதே இல்லை. அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

“ஆன்ட்டி,” என்றாள், “தண்ணி வடியற வரைக்கும் அவரை அங்கயே நிக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். சேர்மன் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, டிமியின் தலைமாட்டுக்கு இன்னும் ஓரடி கிட்டே போய் நின்றார்.